சருகுக்குள் தீ

பங்குனி, செவ்வாய் இரவு

நேற்று மழையே இல்லாமல் இடி மட்டும் இடித்தது. குரங்கணிக்கு மேலே, எங்கள் ஏலத்தோட்டத்தை ஒட்டிய சோலைக்காட்டில் மின்னல் விழுந்து தீப்பிடித்துக்கொண்டது. இன்று காலையில் நானும் என் வீட்டுக்காரரும் வாடகை ஜீப்பில் போய்ப் பார்த்தோம். மூன்று பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள் நின்றபடியே எரிகின்றன. பொந்து வழியாகப் புகை வருகிறது. அவற்றின் வயது யாருக்கும் தெரியாது. இனி நட்டு வளர்க்கிற மரமா அது?

தோட்டத்துக்குத் தீ வரவில்லை என்றுதான் நினைத்தோம். பிறகு பார்த்தால் எங்கள் செடித் தூரிலிருந்தே புகை கிளம்புகிறது. கோடையில் ஈரம் காயாமலிருக்க, எல்லோரையும் போல நாங்களும் தூரைச் சுற்றிச் சருகை முழங்கால் உயரத்துக்கு அணைத்திருந்தோம். அதற்குள்ளேயே தீ ஊர்ந்து வந்திருக்கிறது.

"நீ வெரசா ஜீப்புல ஏறு. நான் சருகெல்லாம் ஒதுக்கிப்புட்டு வர்றேன்" என்றார்.

"தனியாவா? நீங்களும் வாங்க."

"செடி போச்சுன்னா நமக்கு என்ன சோலி இருக்கு? ஏறுங்கிறேன்ல."

ஏறி வந்துவிட்டேன். சாயங்காலத்திலிருந்து அவருடைய போன் கிடைக்கவில்லை.

இருட்டியதும் மொட்டைமாடியில் நின்று பார்த்தேன். மலையில் ஒரு சிவப்புக்கோடு தெரிந்தது. இப்போது அது இல்லை.

"அணஞ்சிருச்சும்மா, வந்து படு" என்கிறாள் மகள்.

அவளிடம் எப்படிச் சொல்வேன்? சருகுக்குள் போகிற தீ வெளியே தெரியாது.