பனைமரத்தடியில் ஒரு பச்சைப் புள்ளி

ஜூலை 1, செவ்வாய்

காலையில் தூறல், பிறகு வெறும் காற்று. தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். ஃபால்ஸ் வைக்க இளம்பிள்ளைத் தறியில் நெய்த சேலை ஒரு மூட்டை. அத்தனையும் மயில்கழுத்து நிறம். யார் வீட்டுக் கல்யாணமோ, குடும்பமே மயிலாகப் போகிறது.

மதியம் ஆ. போன். (கட்டினவர் பேரை முழுசாக எழுதினால் அவர் ஆயுசு குறையும் என்பாள் அம்மா. நம்பிக்கை இல்லை. இருந்தாலும் எதற்கு வம்பு.) போர்வெல் ரிக் வண்டியில் மேனேஜர். தையில் திருச்செங்கோட்டிலிருந்து வடக்கே போன வண்டி, இப்போது சத்தீஸ்கர். அங்கே மழை பிடித்தால் வண்டிகள் ஊர் திரும்பும். "ஆடிக்குள்ள வந்துருவேன்" என்று போன நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று: "ஓனர் திடீர்னு ராஜஸ்தான் போகச் சொல்றார் ஸ்டெல்லா. அங்க மழை கம்மியாம். இந்தத் தடவ வர முடியாது போல."

நான் ஒன்றும் பேசவில்லை. அதாவது, நிறையப் பேசினேன். பிரயோஜனம் ஒன்றும் இல்லை.

கடைசியில், குழந்தைக்கு மிட்டாய் காட்டுவது போல: "சனிக்கிழமை நம்ம கல்யாண நாள். மேப்புல உனக்கு ஒரு புள்ளி போட்டிருக்கேன். நம்ம பக்கந்தான். போய் எடு."

எனக்குப் புள்ளி வேண்டாம். புள்ளி வைத்த ஆள் வேண்டும்.

சாயங்காலம் கோயில், அந்தோணியார் நவநாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர். வேண்டுமென்றே ஒளித்து வைத்ததையும் தருவாரா, தெரியவில்லை. ராஜஸ்தான் போகிற ஆம்பளை எந்தக் கணக்கில் வருவார் என்றும் தெரியவில்லை. மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஜூலை 3, வியாழன்

ஆனிக் காற்று. கொடியில் போட்ட பாவாடை அடுத்த தெருவில். பக்கத்து வீட்டு லூர்து அக்கா கொண்டுவந்து கொடுத்தார், தெருவில் நாலு பேருக்குக் காட்டிவிட்டு.

நான் போனில் மேப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடி அது, பச்சை பச்சையா?"

"பெட்டி தேடுற வெளையாட்டுக்கா. யாராச்சும் ஒரு எடத்துல பெட்டிய ஒளிச்சு வெச்சுட்டு, எடத்த மேப்புல போட்டுருவாங்க. நாம போய்த் தேடணும்."

"உள்ள என்ன இருக்கும்?"

"ஒரு பேப்பர். அதுல நம்ம பேர எழுதணும்."

"எழுதிட்டு?"

"பெட்டிய அங்கயே வெச்சுட்டு வந்துரணும்."

"கெடச்சா என்ன குடுப்பாங்க?"

"ஒண்ணும் இல்லக்கா."

"கெடைக்கலேன்னா?"

"அதுக்கும் ஒண்ணும் இல்ல."

அக்கா என்னை வெகுநேரம் பார்த்தார். "தனியா இருந்தா இப்படித்தான்டி ஆகும். எதாச்சும் சாப்பிட்டியா?" என்றார்.

இதெல்லாம் ஆ. பிடித்துவந்த வியாதி. ஒடிசாவில் வேலை பார்த்தபோது ஒரு இன்ஜினியர் பையன் பழக்கிவிட்டானாம். அன்றிலிருந்து வண்டி நிற்கிற ஊரிலெல்லாம் ஒரு பெட்டி ஒளித்துவிட்டுத்தான் நகர்வார். எனக்கு மேப்பில் ஒவ்வொரு பச்சைப் புள்ளியாக முளைக்கும். பக்கத்து ஆற்றின் பேர், ஊரின் பேர் எல்லாம் படித்துப் பார்ப்பேன். இந்த ஊரில் தூங்கினார், இந்த ஊரில் சாப்பாடு சரியில்லை என்றார். இந்தியா படத்தில் என் புருஷனுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். விரலால் தடவிப் பார்ப்பேன். பெரிதாகும், சின்னதாகும். அவ்வளவுதான்.

சனிக்கிழமைப் புள்ளி மல்லசமுத்திரம் தாண்டி ஒரு பாறைக் கரட்டு அடிவாரம். போகக் கூடாது என்று முடிவு. ஸ்கூட்டிக்கு மட்டும் பெட்ரோல் போட்டு வைத்தேன்.

ஜூலை 5, சனி. கல்யாண நாள்

போனேன்.

எடுத்துப்போனவை: குடை, தண்ணீர், பேனா, நேற்றுச் சுட்ட முறுக்கு, கோபம்.

மரவள்ளிக் காடு, இடுப்பு உயரம். அதன் ஓரத்தில் பாறைக் கரடு, ஒற்றைப் பனை. ஸ்கூட்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு, போனை உள்ளங்கையில் படுக்கப்போட்டு, அம்புக்குறி காட்டுகிற பக்கம் நடந்தேன். நாலடி முன்னே, இரண்டடி பின்னே, மறுபடி இடப்பக்கம். குடை வேறு.

"ஏனுங்க அம்மணி! தண்ணி பாக்கறீங்களா?"

காட்டுக்காரர், அந்த மரவள்ளி அவருடையது. தலையில் துண்டு, கையில் மண்வெட்டி, முகத்தில் சந்தோஷம்.

"தண்ணியா?"

"முன்னெல்லாம் உள்ளங்கையில தேங்காய வெச்சுட்டு நடப்பாங்க. தண்ணி இருக்கற எடத்துல தேங்கா எந்திரிச்சு நிக்கும். இப்பப் போன்லயே வந்துருச்சுங்களா?"

சிரிப்பு வந்துவிட்டது. இல்லைங்க, இது விளையாட்டு என்றேன். பெட்டி, பேப்பர், பேர், திரும்ப வைப்பது, எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சொல்ல இஷ்டமில்லீன்னா உடுங்க. தொழில் ரகசியம்" என்றார்.

அதற்குள் அம்புக்குறி நின்றுவிட்டது. பனைக்கு மேற்கே, பாறை இடுக்குக்கு எதிரே. நானும் நின்றேன். அவர் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"அட சாமி! தையில வந்தவரும் இதே எடத்துலதானுங்க நின்னாரு! ரெண்டு பேரு ஒரே எடத்தக் காட்டுனா தண்ணி இல்லாமப் போவுமுங்களா?"

"யாரு வந்தாங்க தையில?"

"ரிக்கு வண்டியில வேலன்னாருங்க. இதே மாரித்தான், போனக் கையில வெச்சுட்டு நடந்தாரு. முன்னால சொட்டை. தெத்துப்பல்லு. சிரிச்சா நல்லா இருக்குமுங்க."

ஆமாம். நல்லா இருக்கும்.

"எங்க போரு வத்திப்போச்சு, உங்க வண்டிய ஆடிக்கு இங்க கொண்டாங்கன்னு கேட்டனுங்க. இந்த வருசம் ஊரு திரும்ப மாட்டமுங்க, ராஜஸ்தானத்துல வேல ஒத்துக்கிட்டாச்சு, அடுத்த தைக்குத்தான் வருவம்னுட்டாரு."

தையில். தையிலேயே தெரியும். "ஆடிக்குள்ள வந்துருவேன்" என்று தினம் ராத்திரி போனில் சொன்ன வாய்க்குத் தெரியும். ஓனர் திடீரென்று சொன்னாராம், திடீரென்று!

காட்டுக்காரர் நிறுத்தவில்லை. "சொல்லிப்போட்டு அந்தக் கல்லு மேல குந்துனவருதானுங்க. எந்திரிக்கவே இல்ல. ரோட்டுல இருந்து வண்டிக்காரன் ஆரன் அடிக்கறான், அடிக்கறான். என்னங்க கண்ணு கலங்குதுன்னு கேட்டேன். தூசிங்கறாரு. அன்னைக்கு ஏதுங்க காத்து?"

அடையாளத்துக்குக் கல் நடவேண்டும் என்று அவர் கரட்டுப் பக்கம் போனார். நான் இடுக்கில் கைவிட்டேன். பெட்டி என்றது மூடி போட்ட எவர்சில்வர் சம்படம், மேலே எட்டுக்கால் பூச்சி கட்டிய வலை. உள்ளே ஒரு வெள்ளைத்தாள். 1 என்று போட்டு, பக்கத்தில் காலியாக விட்டிருந்தார். அப்புறம் ஒரு பாக்கெட் மெஷின் ஊசி, பதினாலாம் நம்பர். மற்ற பெண்களுக்கு மோதிரம் கிடைக்கும்.

பேர் எழுதவில்லை. பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன்.

சம்படத்தைத் திரும்ப வைக்கவும் இல்லை. பைக்குள், முறுக்குக்கு அடியில். இந்த விளையாட்டில் இது திருட்டு.

காட்டுக்காரர் கல்லோடு வந்தார். "ஐயா, கையெடுத்துக் கும்புடறேன், என்னை நம்பி இங்க போர் போட்டுறாதீங்க. தையில வந்தவர் என் வீட்டுக்காரர்தான். அவர் நேர்ல வந்து சொல்றவரைக்கும் பொறுங்க."

"எப்பங்க வருவாரு?"

"அதைத்தான் நானும் கேட்டுட்டிருக்கேன்."

முறுக்கை அவருக்கே கொடுத்துவிட்டேன். ஆக, அந்த ஆளுக்காகக் காத்திருப்பவர்கள் இப்போது இரண்டு பேர்.

ஜூலை 6, ஞாயிறு

வெயில். பூசைக்குப் போனேன். சாமியார் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். யார் போய்ச் சொன்னார்களோ.

ஆ. போன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மூன்றாவது வரவில்லை என்றதும் போன் வேலை செய்கிறதா என்று பார்த்தேன்.

திட்ட வேண்டியவை என்று மனசுக்குள் வரிசை போட்டுக்கொண்டு மாவு அரைத்தேன். பொய்யன். கோழை. நேருக்கு நேர் சொல்லத் தைரியம் இல்லாமல் கரட்டில் போய் உட்கார்ந்தவன். இந்த இடம் வந்ததும் வரிசை நின்றுவிடுகிறது. ஆரன் அடிக்கிறான், அடிக்கிறான், இவர் எழுந்திருக்கவில்லை. கிரைண்டரை நிறுத்திவிட்டு மாவை வழித்தேன்.

மாவு புளிக்கவில்லை. என் மனசுதான் புளித்துவிட்டது.

லூர்து அக்கா: "போனியே, கெடச்சுதா?"

"தெரியலக்கா."

"இதுல தெரியறதுக்கு என்னடி இருக்கு?"

ஜூலை 7, திங்கள்

மேகமூட்டம். மயில்கள் பாதி முடிந்தன.

காலையில், டீ ஆறுவதற்குள், மேப்பில் அந்தப் புள்ளிக்குக் கீழே எழுதிவிட்டேன்: "தேடினேன். கிடைக்கவில்லை." இந்த விளையாட்டில் ஒரே ஒரு விதிதான் எனக்குப் பிடித்தது. கிடைக்கவில்லை என்று யாராவது எழுதினால், ஒளித்து வைத்தவர் நேரில் போய்ப் பார்க்கவேண்டும்.

உடனே போன். இந்தத் தடவை எடுத்தேன்.

"நல்லாப் பாத்தியா? பனைக்கு மேக்கால, கல்லு இடுக்குல."

"பாத்தேங்க."

"கைய உள்ள விட்டியா?"

"விட்டேன்."

"அதெப்படி இல்லாமப் போகும்? நானே என் கையால வெச்சேன்."

"எப்ப வெச்சீங்க?"

பின்னால் ரிக் ஓடுகிற இரைச்சல் மட்டும். யாரோ, "அண்ணே, பைப்பு மாட்டணும் வாங்க" என்று கத்தினார்கள். அவர் போகவில்லை. நானும் போனை வைக்கவில்லை. இரண்டு பேரும் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு அவர்: "ஆயுதபூசைக்கு வண்டி நிக்கும். நாலு நாள். ரயில்ல வந்துட்டுப் போனா… ஊர்ல ஒரு நாள்தான் இருக்க முடியும்."

"ஒரு நாள்ல கெடச்சுருமா?"

"நீயும் கூட வந்து தேடு."

சம்படம் என் மடியில்தான் இருந்தது.

"வாரேங்க," என்றேன். "மெதுவாத் தேடலாம்."