கைஃபெங்கின் அடியில் ஓர் அரண்மனை

காலை 7.10, சிங் அடுக்கு
இதைக் கண்டெடுப்பவர் எழுந்து நின்று வாசிக்கவும். எழுதுவது பாதாளங்களின் பேரரசன், மண்துளைப்பு ஊர்தியின் ஒரே பயணி, தெய்வசிகாமணி. சீனத்துக் கைஃபெங் ஓர் ஊரல்ல, அடுக்குப் பரோட்டா. மஞ்சள் ஆறு வண்டலால் மூட மூட, அதன் தலைமேலேயே அடுத்த வம்சம் ஊரைக் கட்டிக்கொண்டது: மேலே சிங், அதன் கீழே மிங், அதற்கும் கீழே சோங். ஊர்தி நலம். பம்பு நலம். பேரரசர் பசியில்.

முற்பகல் 11.40, மிங் அடுக்கு
வெள்ளத்தில் மூழ்கிய ஊர். மேலே ஓடிய தெருவுக்கு நேர் கீழே அதே தெரு. தண்ணீர் வந்தால் தடுக்கச் சுரங்கத்தில் இரும்புக் கதவு பொருத்தினேன். மூடும் பிடி ஊர்தியில், என் அறையில். யானை அளவு எலி கண்டதாகக் கம்பியில்லாப் பேசியில் மேலே அறிவித்தேன். தரைநிலையத்தில் இருப்பவள் என் அக்காள் மகள் நப்பின்னை.
"பத்தால வகுத்துட்டேன் மாமா. பூனை அளவு எலி. குறிச்சாச்சு."
என் பேச்சுக்கு எங்கள் வீட்டில் அதுதான் கணக்கு.

பிற்பகல் 3.20, சோங் அடுக்கு
"பொற்கூரை! நூறு தூண் அரண்மனை!" என்று முழங்கினேன். விளக்கொளியில் தெரிந்தது ஒரு கொழுக்கட்டைக் கடை. அடுப்பு, நசுங்கிய மூங்கில் தட்டு.
"அப்ப பத்து தூண். அதுவே பெரிசு மாமா! சங்கிலிக் கூண்டுல நானே இறங்கி வரேன்."
பத்தால் வகுத்தாலும் பொய் பொய்தான். சொல்ல வாய் வரவில்லை. அவள் வருவதற்குள் ஒரு தூணாவது கிடைக்காதா என்று பக்கவாட்டில் துளைக்கிறேன்.

4.05
தூண் இல்லை. புதைந்த கால்வாய் ஒன்றின் சுவரை உடைத்துவிட்டேன். உள்ளே தண்ணீர் காத்திருந்தது. ஊர்தியின் கண்ணாடி பிளந்தது, பம்பு நின்றது.
"வராதே நப்பின்னை! தண்ணி இடுப்பளவு. அரண்மனை இல்லம்மா, கொழுக்கட்டைக் கடை. சத்தியமா!"
"இடுப்பை வகுத்தா கட்டைவிரல். நீங்க சத்தியம் பண்ணாத நாள் எது மாமா? பேரு முழுக்க உங்களுக்கே வேணுமாக்கும். பாதி தூரம் வந்துட்டேன்."

4.31
மார்பளவு. ஊர்தி சேற்றில் சிக்கிவிட்டது, நகராது. பேரரசர் முதலிய பட்டங்கள் அனைத்தும் ரத்து. கூண்டுச் சங்கிலி இறங்கும் சத்தம் கேட்கிறது. உள்ளே பாட்டு வேறு பாடிக்கொண்டு வருகிறாள். என் பொய்யைப் பார்க்கத்தான் வருகிறாள். இந்தத் தண்ணீர் மிங் அடுக்கைத் தாண்டினால் கூண்டு மூழ்கும்.
பிடியை இழுத்தேன். கதவு மூடிக்கொண்டது. அவள் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்.

4.38
"மாமா! கதவு சாத்தியிருக்கு. என்ன விளையாட்டு இது? கடப்பாறையால நெம்பப் போறேன். தண்ணி எவ்வளவு, ஒழுங்கா சொல்லுங்க."
கழுத்தளவு. முகத்தில் சூடாக ஏறியது வெட்கம். தண்ணீர் குளிர்ந்துதான் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறைத்துச் சொன்னேன்.
"கட்டைவிரல் நனையுது. கதவு சிக்கிக்கிச்சு, நெம்பினா உடைஞ்சிடும். நாளைக்குப் பாத்துக்கலாம். மேலே போய்ச் சாப்பிடு."
"கட்டைவிரலை வகுத்தா ஈரமே இல்ல! சரி, போறேன். உங்களுக்குத் தோசை எடுத்து வைக்கவா?"
"இருபது."
"ரெண்டு. வச்சிடறேன்."

4.44
சங்கிலி மேலே போகிறது. பாட்டும்.
கண்டெடுப்பவரே, உட்கார்ந்தே வாசியுங்கள். இங்கே இருந்தது கொழுக்கட்டைக் கடை. அதை மட்டும் வகுக்க வேண்டாம் என்று அவளிடம்