தவளைக்கு வீட்டுக் கடன்

இன்று மாலை டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்த மனிதர் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். என் பூட்ஸில் காய்ந்துகொண்டிருந்த சேறுதான் காரணம். ஈரநிலத்துக் கறுப்புச் சேறு. அழுகின முட்டையையும் புதினாவையும் சேர்த்து அரைத்த மாதிரி ஒரு மணம். அவருக்கு அது நாற்றம். எனக்கு அது நீ. உயிரோடு இருந்திருந்தால் இதைக் கேட்டுவிட்டு முதுகில் ஒன்று போட்டிருப்பாய். "அழுகின முட்டை எண்டு சொல்லிப்போட்டு அது நான் எண்டுறியோடி?"

நாம் இருவரும் ஒரே மாதத்தில்தான் அந்தக் கம்பனியில் சேர்ந்தோம். நான் கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் வளர்ந்தவள். நீ நெதர்லாந்தில் வளர்ந்து லண்டனுக்கு வந்தவள். நம் வேலையை வெளியே யாருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. ஒரு கட்டடக்காரன் ஒரு ஈரநிலத்தை அழித்தால், அழித்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக இயற்கைக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். தன் காணியில் அவனால் முடியாவிட்டால் எங்களிடம் வாங்கலாம். நாங்கள் எசெக்ஸ் பக்கம் ஒரு பழைய பார்லி வயலை எடுத்து, நேராக வெட்டப்பட்டிருந்த ஓடையை மறுபடியும் வளைந்து ஓடவிட்டு, சதுப்பு உண்டாக்கி, அதை அலகு அலகாக விற்றோம். விற்ற பிறகு முப்பது வருடம் பராமரிக்கவேண்டும்.

நான் முதல் நாளிலிருந்தே கோபமாக இருந்தேன். பாவத்தைச் செய்துவிட்டு வேறு ஊர்க் கோயிலில் உண்டியல் போடுகிற வேலை இது என்று உன்னிடம் சொன்னேன். நீ இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி சிரித்தாய். "எங்கடை நெதர்லாந்திலை தண்ணிக்கும் அப்பொயின்ட்மென்ட் வேணும். இங்கை பார், இது நினைச்ச பக்கம் போகுது. இதைப் பாத்துமா உனக்குக் கோபம்?" ஓடை உண்மையாகவே நினைத்த பக்கம் போய்க்கொண்டிருந்தது. நாம் குறுக்கே போட்ட மரத்துண்டைச் சுற்றி, நம் வரைபடத்தை மதிக்காமல், தனக்கென ஒரு வளைவைத் தோண்டியிருந்தது. அந்த வேலை பொய் இல்லை என்று நீ நம்பினாய். அந்த ஓடையைப் பொறுத்தவரை நீ சொன்னது சரி. அந்தச் சதுப்புக்கு வந்த தும்பிகளைப் போய்ப் பார்க்க ஒரு கார் வேண்டும், பிளேஸ்டோவில் நான் அப்போது குடியிருந்த பிளாட்களில் பாதிப் பேரிடம் கார் இல்லை என்று நான் சொன்னதும் சரி.

பிறகு எங்கள் பிளாட்களுக்குப் பின்னாலிருந்த பள்ளத்துக்கே ஒரு கட்டடக்காரன் வந்தான். குழாய்க்குள் அடைக்கப்பட்ட ஒரு பழைய வாய்க்கால் கசிந்து உண்டான நாணல் பள்ளம் அது. அதை நிரப்பி மாடி வீடுகள் கட்டப்போகிறான், அதற்கான ஈட்டை அலகுகளாக எங்களிடம் வாங்கப்போகிறான். சனங்களுக்கு விளக்கக் கூட்டம் வைத்து நம்மையும் கூப்பிட்டான். தமிழ்த் துண்டுப் பிரசுரத்தை நீ எழுதினாய். எங்கள் எசெக்ஸ் வயல் போன்றதற்கு ஆங்கிலத்தில் 'ஹபிடாட் பாங்க்' என்று பெயர். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து அகராதியைத் திறந்து, விலங்கு வாழும் இடத்துக்கு 'வாழிடம்' என்று எடுத்து, பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டாய்: 'உங்கள் பகுதிக்காக ஒரு வாழிட வங்கி.'

இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு வழமையாக நாய் கூட்டிக்கொண்டு வருகிற இரண்டு வெள்ளைக்காரக் கிழவர்கள்தான் வருவார்கள். அன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. எங்கள் தமிழ் ஆட்கள் சம்பளத் துண்டுகளோடு வந்திருந்தார்கள். கல்யாணம் முடித்த பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

"வட்டி எத்தினை வீதம் பிள்ளை?" என்று ஒரு ஐயா தொடங்கினார்.

"முதல் வீடு வாங்கிறவைக்கு ஏதும் சலுகை இருக்கோ?" இது எங்கள் மாடி அன்ரி.

நீ சிவந்துபோனாய். "இது வீட்டு வங்கி இல்லை ஐயா. இது... தவளையளுக்கு."

மண்டபம் ஒரு கணம் யோசித்தது. பிறகு அன்ரி கேட்டா: "அப்ப நாங்கள் இருபது வருசமாக் கவுன்சில் வீட்டுக்கு லைனிலை நிக்கிறம், தவளைக்கு மோட்கேஜ் குடுக்கிறியளோ?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. நானும் சிரித்தேன், கோபத்தோடு. வீடு கிடைக்கும் என்று எவராவது சொன்னால் போதும், எங்கள் சனம் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். அவ்வளவு இட நெருக்கடியில் வைத்திருக்கிறார்கள் எங்களை.

சிரிக்காமல் இருந்தவர் கீழ்த்தளத்தில் குடியிருக்கிற பஸ் ஓட்டும் அண்ணை. "போன மழைக்கு எங்கடை வீட்டு ஹோலுக்குள்ளை முழங்காலளவு தண்ணி. அந்தப் பள்ளம் இருந்தும் அவ்வளவு. அதையும் நிரப்பினா மிச்சத் தண்ணி எங்கை போகும்? உங்கடை நோட்டீசிலை இருக்கிற எசெக்ஸ் தும்பி வந்து மொப் பிடிச்சுத் துடைக்குமோ?"

நம் மேலாளர் புன்னகையோடு உன் காதில் ஆங்கிலத்தில் பதிலைச் சொன்னார். பாதிப்புகள் பரந்த நீரேந்து பரப்பில் ஈடுசெய்யப்படும் என்று, மிக அழகான ஒரு வாக்கியம். நீ மொழிபெயர்க்கத் தொடங்கினாய். "அது வந்து அண்ணை... நாங்கள் வேற இடத்திலை..." நின்றுவிட்டாய். மறுபடி தொடங்கினாய், மறுபடி நின்றாய். சமையலுக்கும் சண்டைக்கும் அம்மாவோடு பேசுவதற்கும் மட்டும் பழகின உன் தமிழில், நழுவிப் போகிற சொற்கள் இல்லவே இல்லை. அண்ணை உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கை நாங்கள் செய்யிறது பூச்சி, செடியளுக்கு நல்லது. உங்கடை வீட்டுக்குள்ளை வாற தண்ணியை அது மறிக்காது" என்றாய். திரும்பி, அதையே ஒரு சொல் குறையாமல் மேலாளருக்கு ஆங்கிலத்தில் சொன்னாய். அவருடைய புன்னகை போன இடம் தெரியவில்லை.

கடன் கேட்டு வந்த அத்தனை பேரும் கவுன்சிலுக்கு ஆட்சேபம் எழுதினார்கள். கட்டடக்காரன் பள்ளத்தை விட்டுவிட்டுத் திட்டத்தை மாற்றினான், குழாயை உடைத்து வாய்க்காலைத் திறக்கவும் ஒத்துக்கொண்டான். நம் கம்பனிக்கு அந்த வியாபாரம் போனது. இனிக் கூட்டங்களுக்கு வரவேண்டாம், வயலிலேயே நில் என்று உனக்கு உத்தரவு வந்தது. "தண்டனை எண்டு நினைச்சு எனக்குப் போனஸ் தந்திருக்கிறான் விசரன்" என்று எனக்குக் குரல்செய்தி அனுப்பினாய்.

அந்த வயலில் உனக்கு ஒரு கோடைதான் கிடைத்தது. பிறகு நோய் வந்தது. ஆஸ்பத்திரி வார்டில் நான் உன் பக்கத்தில் இருந்தபோது, முப்பது வருடப் பராமரிப்பு யார் பொறுப்பு என்று கேட்டாய். கம்பனி என்றேன். "கம்பனியை ஆர் பராமரிக்கிறது?" என்றாய். உன் வயதும் அந்த முப்பதைத்தான் தொட்டிருந்தது. நீயே பேச்சை மாற்றி, தாதி போடுகிற ஊசியைப் பற்றி ஏதோ பகிடி விட்டாய்.

வாய்க்காலைத் திறந்துவிட்டார்கள். அங்கிருந்து வீடு மாறிவிட்ட நான் இன்றுதான் அதைப் பார்க்கப் போனேன். பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. சேறு, நாணல், யாரோ வீசின ஒரு சிப்ஸ் பை. கீழ்த்தளத்து அண்ணை ஜன்னலால் கை காட்டினார். போன மாரிக்குத் தன் கம்பளம் நனையவில்லை என்றார். உன்னைப் பற்றிக் கேட்டார். சொன்னேன்.

உன்னிடமிருந்து என்னோடு வந்தது ஒரு பழக்கம். கம்பனி எழுதித் தருகிற எதையும் முதலில் தமிழில், அதுவும் உன் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். இப்போது ஹவுன்ஸ்லோவில் ஒரு ஓடையை மூடும் திட்டம். அதற்கான விளக்கத்தில் என் கையெழுத்து வேண்டுமாம். அங்கே குடியிருக்கும் சித்திக்குப் போன வெள்ளிக்கிழமை போன் எடுத்தேன்.

"சித்தி, உங்கடை பின்பக்க ஓடையை மூடப் போறாங்கள். அதுக்குப் பதிலா நாங்கள் வேற இடத்திலை ஒண்டு திறக்கிறம்."

விமான நிலையத்து ஷிப்ட் முடிந்து களைத்துப்போயிருந்த சித்தி ஒரே சொல்லில் கேட்டா: "ஆருக்கு?"

திங்கட்கிழமை மேலாளர் என் மேசைக்கு வந்தபோது பேனாவை எடுக்காமல் அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை. நான் கையெழுத்துப் போடவும் இல்லை.