துணைக்கு வந்தவள்

வெள்ளிக்கிழமை கீழ்மாடிப் பெண் நத்தார்ப் பண்டிகைக் கேக் கொண்டுவந்தாள். தாளைப் பிரித்ததும் பிராண்டி மணம் எழுந்தது. அதன் எதிரே கைகட்டி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு குப்பைக் கூடைக்குள் போட்டேன். சாப்பாட்டை வீசியது என் வாழ்வில் இதுவே முதல் தடவை.

என் கணவர் காலமானபின், பின்னேரங்களில் நான் பீங்கான் கோப்பையில் பிராண்டி குடித்ததைக் கண்டுபிடித்தவர் நீர்தான். கிளாசில் குடிப்பவர்கள்தான் குடிகாரர் என்று எனக்கு ஓர் எண்ணம். கொன்வென்டில் கூடப் படித்த சிநேகிதி உம்மிடம் அது பலிக்கவில்லை.

“இஞ்ச பாரும், உம்மட தேத்தண்ணியில ஆவியே வரேல்ல.”

“ஆறிப்போச்சு.”

“அப்ப எனக்கும் ஊத்தும் பாப்பம்.”

நான் ஊற்றவில்லை. நீர் பாடுபட்டுக் குடியை விட்டவர் என்பது எனக்குத் தெரியும்.

கொட்டாஞ்சேனையில் குடியை விட்டவர்கள் கூடும் மண்டபத்துக்கு என்னைக் கூட்டிப்போனீர். நாம் இருக்கும் வெள்ளவத்தையில் ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் அவ்வளவு தூரம். வாசலில் நின்று, “நான் உமக்குத் துணைக்குத்தான் வாறன்” என்றேன். நீர் சிரிக்கவில்லை. “இவ எனக்குத் துணைக்கு வந்தவ” என்று உள்ளே சொன்னீர். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதையே சொன்னீர். அங்கே எல்லோருக்கும் உண்மை தெரியும், ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. திரும்பும் பஸ்ஸில் மட்டும், “துணைக்கு வந்த மேடம், இந்தக் கிழமை எப்பிடி?” என்று காதருகில் கேட்பீர். “குடிக்கேல்ல” என்பேன்.

உம்மை அடக்கம் செய்தபின் நான் போகவில்லை. யாருக்குத் துணையாகப் போவது? கனடாவிலிருந்து பிள்ளைகள் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார்கள். நீர் கேட்டதைக் கேட்க அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கடல் இருளும் வேளையில் இந்த வீட்டில் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்கிறது. கேக்கை வீசிய அன்று, இனி ஒரு பின்னேரத்தைத் தனியே தாண்டமாட்டேன் என்று பயம் வந்தது.

மறுநாள் சனிக்கிழமை, மண்டபத்துக்குப் போனேன். அங்கே தேநீர் ஊற்றுகிற ஐயா, “அக்கா, ஆரோட வந்தனீங்கள்?” என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஒருத்தரோடயும் இல்ல. எனக்காகத்தான் வந்தனான். நானும் குடிச்சனான்.”

“தெரியும் அக்கா. இருங்கோ. சீனி போடவோ?”

திரும்பும் பஸ்ஸில், நீர் எப்போதும் மெதுவாகக் கடைசியில் ஏறுபவர் என்ற பழக்கத்தில், பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். ஒரு பெண் வந்து, “ஆரும் வருகினமோ?” என்று கேட்டாள்.

“இல்லை, இருங்கோ” என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.