பாக்கெட்டில் யார் பெயர்

புதன்கிழமை, இரவு.

ஒரு மாதமாக நானே கோபக்கார வாடிக்கையாளராக நடித்து டிசைன் மாணவர்களைப் பழக்கியிருந்தேன். இன்று நிஜ வாடிக்கையாளர் ஒருவர் நெய்வேலியில் எங்கள் வகுப்புக்கே வந்தார். பண்ருட்டியில் முந்திரி வறுத்து விற்கும் ஒரு அம்மா. பாக்கெட்டுக்காகப் பிள்ளைகள் செய்த ஆறு டிசைனையும் பார்த்து, "எல்லாம் நல்லா இருக்குதுங்க" என்றார். ஒன்றையும் எடுத்துக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார். இதற்கு என்ன செய்வது என்று நான் சொல்லித்தந்ததே இல்லை.

மாணவிகளில் ரேவதி மட்டும் அவர் பின்னால் போனாள். தொந்தரவு செய்யாதே என்றேன், நிற்கவில்லை. அரை மணி கழித்து வந்தாள்.

"பஸ் ஸ்டாப்புல நின்னுகினு இருந்தாங்க மேடம். எதுங்க புடிக்கலன்னு கேட்டேன். எல்லாத்துலயும் வூட்டுக்காரர் பேருதான் இருக்குதாம். வறுக்கறது, விக்கறது எல்லாம் அவங்கதானாம். அத சொல்லக் கூச்சமா இருந்துச்சாம்."

"அவங்க பேரு என்ன?"

"தனலட்சுமி."

பாக்கெட்டில் போட அவர் முன்பே எழுதித்தந்த தாளில் கணவர் பெயர்தான் இருந்தது. அதை வகுப்பில் வாசித்தவள் நான். அந்த அம்மாவின் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ரேவதி மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாமல் அந்தப் பெயரை எழுதி எழுதிப் பார்த்தாள். சாயங்காலம் புது டிசைனைப் படமெடுத்து அவருக்குப் போனில் அனுப்பினாளாம். உடனே போன் வந்ததாம்.

"பேரை இன்னும் கொஞ்சம் பெருசா போடலாமா கண்ணு?"