நவம்பர் சாவி

திரினா ஆற்றங்கரை,
அக்டோபர் கடைசி வாரம்

அன்புத் தம்பி நெஜாதுக்கு,

அண்ணன் மென்சூர் எழுதுவது. நானும் உன் அண்ணி அஸெமினாவும் நலம். வெளிநாட்டில், லின்ஸ் நகரில் நீங்கள் நலம் என்பது உன் திட்டத்தைப் படித்ததுமே தெரிந்தது. அங்கே சௌகரியமாக இருப்பதால்தான் இங்கே வந்து மாடி கட்டலாம் என்று உனக்குத் தோன்றுகிறது.

அங்குள்ள ஃபிளாட்டை விற்றுவிட்டு, அப்பாவின் வீட்டுக்கு மேல் மாடி எழுப்பி, மனைவி பிள்ளைகளோடு வந்துவிடுகிறேன் என்கிறாய். வாங்குகிறவர் உன் கையெழுத்துக்குக் காத்திருக்கிறாராம். கொஞ்சம் பொறு. நியூயார்க்கில் இன்னும் கை தூக்கவில்லை.

உனக்கு மறந்திருக்கும். ஒவ்வொரு நவம்பரிலும் ஐ.நா. பாதுகாப்பு சபையில் வாக்கெடுத்து, இங்கே இருக்கும் ஐரோப்பிய அமைதிப் படையை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டிப்பார்கள். போர் முடிந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இன்னும் நம் உயிருக்கு ஆண்டுச் சந்தாதான். இந்த முறை வீட்டோ விழும் என்று டிவியில் தினமும் சொல்கிறார்கள். அந்தப் படை என்ன கிழிக்கிறது என்று நீ கேட்பாய். பாலத்தடியில் ஜீப்பை நிறுத்திவிட்டுக் காப்பி குடிக்கிறார்கள். என் பள்ளிக்கு வந்து பேனா கொடுக்கிறார்கள். தலைமையாசிரியர் நாற்காலியைத்தான் எனக்குக் கொடுக்கவில்லை, பேனாவாவது கிடைத்தது. ஆனாலும் அந்த ஜீப் ஒரு நாள் கண்ணில் படாவிட்டால் சந்தையில் எல்லோருடைய குரலும் தணிந்துவிடுகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை பக்கத்து வீட்டு ராதோமிர் வேலியைத் தாண்டி வந்தார். “வாத்தியாரே, நானும் ஸ்தானாவும் எல்லைக்கு அந்தப் பக்கம், நோவி சாத்ல மகன் வீட்டுக்குப் போறோம். சாவியை நீ வெச்சுக்கோ. குழாய் உறைஞ்சுடாம அப்பப்போ அடுப்பை மூட்டு, போதும்” என்றார். எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டேன். “பாப்போம்” என்றார்.

யோசித்துப் பார். கிறிஸ்தவர்களான அவர்களுக்குக் குலப் புனிதர் நாள் நவம்பர் எட்டு. அன்று வாசல் திறந்திருக்க வேண்டும், மெழுகுவத்தி எரிய வேண்டும், அழைக்காமலே ஊர் வந்து சாப்பிட வேண்டும். இடுப்பு ஒடிந்து கிடந்த வருடம்கூடக் கட்டிலைக் கூடத்துக்கு இழுக்கச் சொல்லி விருந்து வைத்த மனிதர் அவர். அந்த நாள் நெருங்கும்போது ஊரை விட்டுப் போகிறார் என்றால், நமக்குத் தெரியாத எதுவோ அவருக்குத் தெரிந்திருக்கிறது. அஸெமினாவிடம் சொன்னேன். “பேரப்பிள்ளையப் பாக்கப் போறாங்க. உங்களுக்கு யார் தும்மினாலும் சதிதான்” என்றாள்.

சாவி என்றால் நம் குடும்பத்தில் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? தொண்ணூற்றிரண்டில் அவர்கள் ஆட்களின் படை நம் ஆட்களைத் துரத்தியபோது, ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று அப்பா இதே ராதோமிரிடம்தான் சாவியைக் கொடுத்தார். போருக்குப் பிறகு நாம் வந்தபோது கூரை இல்லை, சன்னல் இல்லை, கதவும் இல்லை. அவர் சாவியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து பத்திரமாகக் கொடுத்தார். நீ அவரைக் கட்டிக்கொண்டு அழுதாய். நான் அவருடைய விறகுக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கதவு நம் வாசற்கதவின் அளவு. பழுப்புப் பெயின்ட் புதிதாக அடித்திருந்தது. நம் கதவு பச்சை. அந்தப் பெயின்ட் உரியட்டும் என்று அன்றிலிருந்து காத்திருக்கிறேன். உரிவதற்குள் அவர் மறுபடி அடித்துவிடுகிறார்.

நான் சொல்லும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

அண்ணன்,
மென்சூர்


நவம்பர், புனிதர் நாள் கழிந்து

அன்புத் தம்பிக்கு,

வாக்கெடுப்பை நீயும் பார்த்திருப்பாய். நீட்டித்துவிட்டார்கள். எல்லோரும் கை தூக்கி முடிப்பதற்குள் அஸெமினா என் சட்டைக் கையைக் கசக்கிவிட்டாள்.

அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். அவர்கள் போன பிறகு அடுப்பு மூட்டப் போனேன். கூடத்துச் சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. கல்யாணப் படம், பேரப்பிள்ளையின் படம், குலப் புனிதரின் படம், ஒன்றையும் விடாமல் கழற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். மகன் வீட்டுக்கு விருந்தாடப் போகிறவர்கள் செய்கிற காரியமா இது? நம் அப்பா சாவியை நம்பிப் படங்களை விட்டுவிட்டுப் போனார். ஒரு படமும் மிஞ்சாமல், இன்று அவருக்கு முகம் இல்லை. ராதோமிர் அதைப் பார்த்துப் படித்துக்கொண்டவர். ஆனால் யாருக்குப் பயந்து ஓடினார்? வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அஸெமினாவும்தானே இருக்கிறோம்?

கத்தியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். கதவின் ஓரத்தில் சுரண்டினேன். பழுப்புக்கு அடியில் பழுப்பு, அதற்கு அடியில் மஞ்சள், அதற்கு அடியில் வெறும் பைன் மரம். பச்சை இல்லை. இன்னோர் இடத்தில் சுரண்டினேன். அங்கேயும் இல்லை. உனக்கு இது நல்ல செய்தியாக இருக்கும். எனக்கு, அப்படியானால் யார் எடுத்தது என்ற கேள்விதான் மிஞ்சியது. இப்போது தெருவில் ஒவ்வொரு கதவையும் பார்த்துக்கொண்டு நடக்கிறேன்.

வாக்கெடுப்பு முடிந்த பிறகு, புனிதர் நாளுக்கு முந்தின நாள் அவர்கள் வந்து இறங்கினார்கள். ராதோமிர் முதலில் கொட்டகைக் கதவைப் பார்த்தார். “சுரண்டினதுதான் சுரண்டின, முழுசா சுரண்டியிருக்கக் கூடாதா வாத்தியாரே? எனக்குக் கூலி மிச்சமாயிருக்கும்” என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

விருந்துக்குப் போனோம். ஸ்தானா வழக்கம்போல நமக்கென்று பன்றி படாத தனிச்சட்டியில் கன்றிறைச்சி வைத்திருந்தாள். படங்கள் சுவருக்கு வந்துவிட்டன, ஒன்று மட்டும் கோணலாக. கேட்டேவிட்டேன், எதற்காகப் போனீர்கள் என்று. “நீ பாக்கற டிவியத்தானே நானும் பாக்கறேன்” என்றார். சாவியை நீட்டினேன். என் விரல்களை அவரே மடக்கிவிட்டார். “இருக்கட்டும். அடுத்த நவம்பர் வராமலா போயிடும்?”

பதிலுக்கு நம் சாவியைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் விஷயம். மாடி கட்டு. தன் பக்கம் சன்னல் வைக்கக் கூடாது என்று ராதோமிர் இப்போதே சண்டைக்கு வருகிறார், அதையும் நீயே வந்து பேசு. ஆனால் ஃபிளாட்டை விற்காதே. பனி உருகியதும் பூட்டிவிட்டுப் புறப்படு. சாவியை அங்கே யாரிடமும் கொடுக்காதே, உன் பையிலேயே போட்டுக்கொண்டு வா. பிள்ளைகளின் படங்களையும் மறக்காமல் எடுத்து வா. நம் கூடத்துச் சுவரில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

இறைவன் உங்களை வழித்துணையாக இருந்து கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அண்ணன்,
மென்சூர்