இரண்டு ஆம்பியர் வேண்டாம்

அபூ ஸுஹா,

டோல்மா வெந்துவிட்டது, அரிசியடைத்த இலைச் சுருள்கள் கலையாமல் அடுப்பிலேயே மூடி வைத்திருக்கிறேன். பானையைத் தட்டில் கவிழ்க்கும் வேலையை எனக்கு விட்டுவிடுங்கள். போன தடவை நீங்கள் கவிழ்த்ததில் பாதியைத் தரைதான் சாப்பிட்டது.

நாலு மணிக்கு, தெருவுக்கே ஆம்பியர் கணக்கில் கரண்ட் விற்கும் ஜெனரேட்டர்காரர் அபூ கர்ரார் வருவார். "வீட்டுக்கு கம்ப்யூட்டர் சர்வர் வந்திருக்கு, ரெண்டு ஆம்பியர் கூட்டிப் போடுங்க" என்று என்னைக் கேட்காமலே அவரிடம் சொன்னீர்களாமே! வேண்டாம் என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நேற்று ஸினாஆ தெரு கம்ப்யூட்டர் கடையில் எல்லார் முன்னாலும், "இந்தக் குப்பையவா வாங்கப் போற? பெருசா ஒண்ணு வாங்கித் தர்றேன், வா" என்று கத்தினீர்கள். நீங்கள் காட்டிய ராட்சசனை வாங்கியிருந்தால், ஜெனரேட்டரில் ஓடும் நேரம் தண்ணீர் மோட்டாரைப் போட்டாலே வீடு இருட்டாகியிருக்கும். நான் வாங்கியது ஏதோ அலுவலகம் கழித்துவிட்ட கம்ப்யூட்டர். ஒரு குண்டு பல்பு அளவுதான் மின்சாரம் தின்னும். ஸுஹா பிறந்ததிலிருந்து நாம் எடுத்த வீட்டுப் போட்டோ, வீடியோவைக் காத்து வைக்க அது தாராளம். மிச்சப் பணத்தில் இரண்டு டிஸ்க், இரண்டும் புத்தம் புதிது. ஒன்றில் இருப்பதெல்லாம் மற்றதிலும் இருக்கும்.

அதன் மேல் டீ கிளாஸை வைக்காதீர்கள்.

உம்மு ஸுஹா

பி.கு.: கோபமெல்லாம் போய்விட்டது. காலையில் வேலையிலிருந்து நீங்கள் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன்: "சரி தாயே, நீ சொன்னதுதான் சரி, நான்தான் முட்டாள்." சர்வரில் முதன்முதலாக ஏற்றியது அதைத்தான். இனி ஒரு டிஸ்க் செத்தாலும் நீங்கள் மறுக்க முடியாது.